வங்கி கைப்பற்றும் வீட்டில் குடியிருப்பவருக்கு என்ன உரிமை? லீசுக்கு இருப்பவர்கள் கட்டாயம் படிக்கவும்

கேள்வி: செப்டம்பர் 3, 2024

"கொளத்தூரில் 8 லட்சம் ரூபாய் கொடுத்து லீசுக்குக் குடியிருக்கிறோம். 2022-ல் 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டது, பதிவு செய்யவில்லை. போன வாரம் கேட்டில் வங்கிக்காரர்கள் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். வீட்டுக்காரர் தொலைபேசியை எடுப்பதில்லை. வங்கியிலிருந்து வந்தவர் 15 நாளில் காலி செய்யுங்கள் என்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவர், குடியிருப்பவரை யாராலும் அசைக்க முடியாது, சிவில் கோர்ட்டில் தடையாணை வாங்குங்கள் என்கிறார். எதை நம்புவது?"

செப்டம்பர் 3, இரவு

இரண்டையும் நம்ப வேண்டாம்.

வாயால் "15 நாளில் காலி செய்" என்று சொல்ல வங்கி ஊழியருக்கு அதிகாரம் கிடையாது. பூட்டை உடைக்க வேண்டுமானால் அதற்கென்று ஓர் உத்தரவு வேண்டும். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அதே நேரம் பெரியவர் சொன்னதைக் கேட்டு சிவில் கோர்ட்டுக்கு ஓடிவிடாதீர்கள். கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தைக் கைப்பற்ற வங்கிக்கு அதிகாரம் தரும் 2002-ஆம் ஆண்டு சர்பாசி சட்டத்தின் 34-ஆம் பிரிவு அந்தக் கதவை மூடி வைத்திருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம் என்று சொல்பவர்களும் வருவார்கள். கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் பரிகாரம் இருக்கும்போது உயர் நீதிமன்றங்கள் இதில் நுழையக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே கண்டித்துச் சொல்லிவிட்டது. நீங்கள் போக வேண்டிய இடம் வங்கிக் கடன் வழக்குகளுக்கென்றே இருக்கும் அந்தத் தீர்ப்பாயம்தான். சென்னையில் மூன்று அமர்வுகள் இருக்கின்றன. மதுரையிலும் கோவையிலும் ஒவ்வொன்று.

இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்த நோட்டீஸை முழுதாகப் படம் எடுத்து வையுங்கள். கிழிக்காதீர்கள். அதில் இருக்கும் தேதிதான் இனி உங்களுக்குக் காலண்டர்.

செப்டம்பர் 4

படம் பார்த்தேன். அது உடைமை அறிவிப்பு. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

கடன் வாங்கியவர் 90 நாள் தவணை கட்டாவிட்டால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. வங்கி 13(2) பிரிவின்படி நோட்டீஸ் அனுப்பி 60 நாள் அவகாசம் தர வேண்டும். அது வீட்டுக்காரருக்குத்தான் போகும், குடியிருப்பவருக்கு வராது. அதனால்தான் நீங்கள் ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறீர்கள். அந்த 60 நாள் கழிந்தபின் 13(4)-ன் கீழ் சொத்தைக் கைப்பற்றுகிறார்கள். கைப்பற்றுவது என்றால் முதலில் காகிதத்தில்தான். வாசல் கதவில் அறிவிப்பை ஒட்டி, 7 நாளுக்குள் இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் கொடுக்க வேண்டும். அதில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். இதை அடையாள சுவாதீனம் என்பார்கள். வீடு காகிதத்தில் வங்கியின் கைக்குப் போயிருக்கிறது. நீங்கள் இன்னும் உள்ளே குடியிருக்கிறீர்கள். ஆளை வெளியேற்றிப் பூட்டுவது நேரடி சுவாதீனம். அது வேறு கட்டம்.

இந்த நடவடிக்கையை எதிர்த்துத் தீர்ப்பாயத்தில் 17-ஆம் பிரிவின் கீழ் மனு போட 45 நாள். உங்கள் அறிவிப்பில் ஆகஸ்ட் 27 என்று இருக்கிறது. அக்டோபர் 11-க்குள் மனு உள்ளே போயிருக்க வேண்டும். பண்டிகை, விடுமுறை என்று கடைசி நாள் வரை இழுக்காதீர்கள்.

செப்டம்பர் 4, மறுபடியும்

இதில் நான் ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்கிறேன்.

2018-ல் என் அக்கா குடும்பம் ஆவடிப் பக்கம் இதேபோல லீசுக்கு இருந்தது. கதவில் ஒட்டிய காகிதத்தை அத்தான் பார்த்தார். வீட்டுக்காரர் வந்து, "அது எனக்கும் வங்கிக்கும் உள்ள தகராறு, நான் தீர்த்துக்கொள்கிறேன்" என்றார். நம்பினார்கள். மாதங்கள் ஓடின. ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு, வீட்டைக் கைப்பற்றிக் கொடுக்க நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் ஆணையர் ஒருவர், வங்கி அதிகாரி, இரண்டு காவலர்கள் (ஒருவர் பெண்), துளைக்கருவியோடு ஒரு பூட்டுக்காரர் என்று ஐந்து பேர் வந்து நின்றார்கள். அக்கா மட்டும் வீட்டில். அரிசியும் உளுந்தும் ஊறிக்கொண்டிருந்தன. எனக்குத் தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது ஆணையர் ஒவ்வோர் அறையாகப் போய் எழுதிக்கொண்டிருந்தார்: "ஸ்டீல் பீரோ 1, கட்டில் 2, கிரைண்டர் 1, பிளாஸ்டிக் நாற்காலி 4." ஊறிய அரிசிப் பாத்திரத்தைப் பார்த்துவிட்டு, அதை எழுதுவதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். அக்கா அதைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு வந்தாள்.

வந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அதட்டவில்லை. அவர்கள் கையில் உத்தரவு இருந்தது. எங்கள் கையில் ஒன்றுமே இல்லை. அந்த நேரத்தில் போய் "நாங்கள் லீசுக்கு இருப்பவர்கள்" என்று சொன்னால், "அதைத் தீர்ப்பாயத்தில் சொல்லியிருக்க வேண்டும் அம்மா" என்றுதான் பதில் வரும். வந்தது.

ஒட்டிய அன்றே எழுந்திருக்க வேண்டும். பூட்டுகிற அன்று எழுந்திருப்பதில் பயனில்லை.

செப்டம்பர் 6

மதுரை நண்பர் இந்த இழையில் 2016-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எடுத்துப் போட்டிருக்கிறார். விஷால் கல்சாரியா வழக்கு. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவரை சர்பாசி சட்டத்தைக் காட்டி வெளியேற்ற முடியாது என்று அதில் இருப்பது உண்மை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் கேள்வி கேட்டவரை ஆற்றில் இறக்கிவிட்டு வந்ததாகிவிடும்.

வரிசையாகப் பாருங்கள். 2014-ல் ஹர்ஷத் சோண்டாகர் வழக்கு: அடமானத்துக்கு முன்பே செல்லத்தக்க குத்தகை இருந்தால், அது முடியும்வரை வங்கி அந்தக் குடியிருப்பாளரை வெளியேற்றக் கூடாது. ஆனால் ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு வேண்டும். பதிவில்லாதது அதற்குமேல் தாங்காது. 2016-ல் கல்சாரியா வந்து சற்று அகலமாகக் கதவைத் திறந்தது. 2019 செப்டம்பரில் பஜ்ரங் சியாம்சுந்தர் அகர்வால் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்ந்து அந்தக் கதவை மீண்டும் ஒருக்களித்துவிட்டார்கள்: குடியிருப்பு உண்மையானது என்று நிரூபிக்கும் சுமை குடியிருப்பவர் தலையில்; பதிவுப் பத்திரம் இல்லாமல் ஓராண்டுக்கு மேல் உரிமை கோர முடியாது.

மூன்றுமே மும்பைக் குடியிருப்பாளர்கள் பக்கம் இருந்து வந்தவை. அங்கே பழைய வாடகைச் சட்டப் பாதுகாப்பு கெட்டியானது. நம் ஊரில் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமே இப்போது இல்லை. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருப்பது புதிய நில உரிமையாளர் குத்தகைதாரர் சட்டம். அது எழுத்து ஒப்பந்தம் வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு வேண்டும் என்கிறது. வாய்ப்பேச்சு வாடகைக்கு அதில் நிழல் கிடையாது.

செப்டம்பர் 7

"பதினொரு மாத ஒப்பந்தம் போட்டால் போதாதா?" போதும், பதினொரு மாதத்துக்கு. அதுவும் வங்கி அடமானத்துக்கு முன் தேதியில் இருந்தால் நிம்மதி. பின் தேதியில் இருந்தால் அடுத்த கேள்விகள் வரிசையில் நிற்கின்றன. மாத வாடகைக்கு இருப்பவருக்கு இதில் இழப்பு பெரிதில்லை. மூன்று மாத முன்பணம், பெட்டி படுக்கை கட்டும் செலவு. லீசுக்காரருக்குத்தான் வாழ்நாள் சேமிப்பு போகிறது.

செப்டம்பர் 11

கொளத்தூரிலிருந்து கேட்டவர் வில்லங்கச் சான்று எடுத்துப் போட்டுவிட்டார். நன்றி. 2019-ல் உரிமை ஆவண ஒப்படைப்பு, அதாவது அசல் பத்திரத்தை வங்கியில் கொடுத்து வைக்கும் அடமானம், பதிவாகியிருக்கிறது. அதாவது அவர் 2022-ல் 8 லட்சம் எண்ணிக் கொடுத்த நாளில் வீட்டின் அசல் பத்திரம் மூன்று ஆண்டுகளாக வங்கிப் பெட்டகத்தில் இருந்திருக்கிறது.

இப்போது 17(4ஏ) பிரிவைப் பார்க்க வேண்டும். 2016 திருத்தத்தில் வந்தது, குடியிருப்பவர்களுக்காகவே எழுதப்பட்டது. ஒருவர் "நான் குத்தகைதாரர்" என்று வந்தால் தீர்ப்பாயம் என்னென்ன பார்க்கும் என்று அதில் இருக்கிறது. குத்தகைக் காலம் முடிந்துவிட்டதா, சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 65ஏ பிரிவுக்கு விரோதமா, அடமானப் பத்திரத்தின் நிபந்தனைக்கு விரோதமா, 13(2) நோட்டீஸ் வந்த பிறகு உருவாக்கப்பட்டதா. இதில் ஒன்று உங்களுக்கு எதிராகப் போனாலும் உரிமை விழுந்துவிடும்.

நீங்கள் நோட்டீஸுக்கு முன்பே குடிவந்தவர். அந்தக் கடைசிக் கேள்வியில் தப்பிவிட்டீர்கள். இடறும் இடம் 65ஏ. அடமானம் வைத்தவர், வீடு தன் வசம் இருக்கும்வரை, வாடகைக்கு விடலாம் என்று அந்தப் பிரிவு அனுமதிக்கிறது. எப்படி விட வேண்டும்? ஊர் வழக்கப்படி, நியாயமான வாடகைக்கு, கட்டடமானால் மூன்று ஆண்டுக்கு மிகாமல். முன்கூட்டி மொத்தத் தொகை வாங்கக் கூடாது. வாடகையை முன்பணமாகப் பெறக் கூடாது. இப்போது சென்னை லீசை நினைத்துப் பாருங்கள். அது முழுக்க முழுக்க முன்கூட்டி வாங்கிய மொத்தத் தொகைதான். மாத வாடகை என்று ஒன்று கிடையவே கிடையாது.

ஆக, அடமானத்துக்குப் பின் போட்ட லீசு எதுவானாலும் இந்த வாசலில் தலை முட்டும். பதிவு செய்திருந்தாலும் முட்டும்.

செப்டம்பர் 12

நேற்று எழுதியது ஒரு முடிவுரை போல இருந்தது. இரவு முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது.

சட்டப்படி அது சரி. ஆனால் சென்னையிலும் அதன் புறநகரிலும் லீசுக்குப் போகிறவர்கள் யார்? மாத வாடகை கொடுத்தால் மிஞ்சாது என்று, ஊரில் நிலத்தை விற்று வந்த பணத்தையோ ஓய்வுபெற்ற தொகையையோ மகளுக்கு வைத்திருந்த நகையையோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு, மூன்று ஆண்டில் அப்படியே திரும்பி வரும் என்று நம்புகிறவர்கள். லீசுக்கு விடுகிறவர் யார்? பலர் நேர்மையானவர்கள்தான். ஆனால் வங்கித் தவணை கழுத்தை நெரிக்கும்போது கைக்கு மொத்தப் பணம் தரும் வழி இது ஒன்றுதான் என்று இறங்குகிறவர்களும் கணிசம். தவணை தவறும் வீடுகளே லீசுக்கு அதிகம் வருவதில் ஆச்சரியம் இல்லை. அந்தப் பணத்தால் கடனை அடைத்துவிட்டு லீசு போட்டால் யாருக்கும் கேடில்லை. அடைப்பதில்லை. அதுதான் கொடுமை.

வங்கியும் கடன் கொடுத்த பிறகு அந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பதில்லை. அறிவிப்பு ஒட்ட வரும்போதுதான் உள்ளே ஒரு குடும்பம் இருப்பதே தெரிகிறது. ஒட்டும் காகிதத்தில் "குடியிருப்பவரே, உங்களுக்கு ஆட்சேபம் இருந்தால் இந்தத் தேதிக்குள் இன்ன இடத்துக்குப் போங்கள்" என்று தமிழில் இரண்டு வரி சேர்த்தால் எத்தனையோ குடும்பங்கள் நேரத்தில் விழித்துக்கொள்ளும். சர்வே எண்ணையும் நான்கெல்லையையும் பத்து வரி எழுதுகிறவர்களுக்கு இந்த இரண்டு வரி பாரமா?

செப்டம்பர் 14

போக்கியத்துக்கு (வட்டிக்குப் பதிலாக வீட்டை அனுபவிக்கும் அடமானம்) இருப்பவர் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து கேட்கிறார். உங்கள் நிலை வேறு. போக்கியம் பதிவு செய்யப்பட்டு, வங்கி அடமானத்துக்கு முன் தேதியில் வில்லங்கச் சான்றில் ஏறியிருந்தால் நீங்களே முன்னுரிமை உள்ள அடமானதாரர். வங்கி உங்களைத் தாண்டிக் குதிக்க முடியாது. பதிவு இல்லையென்றால் கையிலிருப்பது வெறும் காகிதம். சார்பதிவாளர் அலுவலகச் செலவு மிச்சம் என்று நினைத்தவர்கள் எத்தனை பேர் அழுதிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று: தனியார் வட்டிக்காரரோ பக்கத்துத் தெரு பைனான்ஸ்காரரோ சர்பாசி என்று மிரட்டினால் அஞ்ச வேண்டாம். அது வங்கிகளுக்கும் அறிவிக்கப்பட்ட நிதி நிறுவனங்களுக்கும் உள்ள ஆயுதம். கூட்டுறவு வங்கிகளுக்கும் உண்டு. 2020-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு அதை உறுதி செய்தது. வட்டிக்காரர் அடமானப் பத்திரத்தோடு சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

செப்டம்பர் 20

உரிமை நிற்காது என்று தெரிந்தபின் தீர்ப்பாயத்துக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்டவர் சோர்ந்து எழுதியிருக்கிறார். போக வேண்டும். இரண்டு காரணம்.

முதலாவது, காலம். நேரடி சுவாதீனத்துக்கு வங்கி 14-ஆம் பிரிவின்படி நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) மனுப் போட வேண்டும். சென்னையில் தலைமைப் பெருநகர நடுவர். வெளி மாவட்டங்களில் ஆட்சியர் அல்லது தலைமைக் குற்றவியல் நடுவர். தலைமைக் குற்றவியல் நடுவருக்கு இந்த அதிகாரம் உண்டா என்று நெடுநாள் தகராறு இருந்தது. 2019-ல் உண்டு என்று முடிந்தது. அவர் 30 நாளில் உத்தரவு போட வேண்டும், காரணம் எழுதி 60 நாள் வரை நீட்டலாம். 60 நாள் கடந்தால் உத்தரவு செல்லாது என்று யாராவது சொன்னால் அதைப் பிடித்துக்கொள்ளாதீர்கள்; அந்தக் கெடு வழிகாட்டுதல் மட்டுமே என்று 2020-ல் தீர்ப்பு வந்துவிட்டது. அந்த நடுவர் உங்கள் வழக்கை விசாரிக்கமாட்டார். வங்கி அதிகாரியின் பிரமாணப் பத்திரத்தைப் பார்த்துவிட்டு ஆணையரை நியமிப்பார். ஆகவே உங்களைக் கேட்கிற ஒரே இடம் தீர்ப்பாயம்தான். அங்கே மனு நிலுவையில் இருந்தால் வங்கி வழக்கறிஞர் உங்களோடு பேச உட்காருவார். பள்ளி ஆண்டு முடியும்வரை, வயதானவரின் சிகிச்சை முடியும்வரை என்று தேதி குறித்துக்கொடுத்துக் காலி செய்வதாக உறுதிமொழிப் பத்திரம் போட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். வங்கிக்கும் போலீஸ், ஆணையர் செலவு மிச்சம்.

இரண்டாவது, நீங்கள் உண்மையான குடியிருப்பாளர், 8 லட்சம் கொடுத்தவர் என்பது ஏதோ ஓர் ஆவணத்தில் பதிவாகிறது. பிறகு பணத்தைத் துரத்தும்போது அது கைகொடுக்கும். பணம் வங்கி வழியாகப் போனதா, ரொக்கமா? வங்கி வழியாக என்றால் கணக்கு அறிக்கையை இப்போதே எடுத்து வையுங்கள். மின் கட்டண ரசீது, எரிவாயு இணைப்பு, பள்ளியில் கொடுத்த முகவரி, ஆதார் முகவரி எல்லாம் தேதி வாரியாக.

செப்டம்பர் 21

மறந்தவை. வசூலுக்கு வருபவர் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ தொலைபேசியில் அழைக்கக் கூடாது. ரிசர்வ் வங்கியின் விதி. மின்சாரத்தையோ தண்ணீரையோ வெட்டி வெளியேற்ற யாருக்கும் உரிமை இல்லை. அப்படி நடந்தால் அன்றே காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

மாத வாடகைக்கு இருப்பவர்களுக்கு: வங்கி எழுத்தில் கேட்டால் வாடகையை வங்கிக்கே கட்டலாம். அதற்கு வங்கி தரும் ரசீது வீட்டுக்காரரிடமும் செல்லும். "எனக்குக் கொடுக்கவில்லை" என்று அவர் பிறகு சண்டைக்கு வர முடியாது. வாயால் கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள்.

செப்டம்பர் 29

சொந்த வீட்டுக்காரர் ஒருவர் திருப்பூரிலிருந்து நேரடியாகக் கேட்டிருக்கிறார். பின்னலாடைத் தொழிலுக்கு வாங்கிய கடன், வீட்டை அடமானம் வைத்தது, இன்னும் 13(2) நோட்டீஸ் கட்டத்தில் இருக்கிறது.

ஐயா, உங்களிடம்தான் அதிக நேரம் இருக்கிறது, அதை நழுவவிடாதீர்கள். அந்த 60 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். வங்கி 15 நாளில் காரணத்தோடு பதில் தர வேண்டும். கணக்கில் வட்டி தப்பாக ஏறியிருந்தால் அதை இங்கேயே சொல்ல வேண்டும். ஒரே தவணைத் தீர்வு கேட்பதாக இருந்தால் இப்போதே கேளுங்கள். ஏல விளம்பரம் வந்த பிறகு பேச்சு வேறு விதமாக இருக்கும். முன்பெல்லாம் விற்பனை முடியும் நிமிடம் வரை முழுக் கடனைக் கட்டி வீட்டை மீட்கலாம். 2016 திருத்தத்துக்குப் பிறகு ஏல அறிவிப்பு வெளியாகும் நாளோடு அந்த உரிமை முடிகிறது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் கடனாளி ஏலத்துக்குப் பின் முழுப் பணத்தோடு வந்தார்; உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது; உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

தீர்ப்பாயத்தில் தோற்றால் மேல்முறையீட்டுக்குப் போகலாம் என்று தைரியமாக இருக்காதீர்கள். கடனாளி மேல்முறையீடு செய்ய நிலுவையில் பாதியைக் கட்ட வேண்டும். குறைத்தாலும் கால்பங்குக்குக் கீழே போகாது. கையில் அவ்வளவு இருந்தால் இந்த நிலை வந்திருக்காது.

தோட்டத்தையும் கேட்டிருக்கிறீர்கள். விவசாய நிலத்தின் மீது சர்பாசி செல்லாது. ஆனால் பட்டாவில் விவசாயம் என்று இருந்தால் மட்டும் போதாது. உண்மையில் அங்கே பயிர் நடக்கிறதா என்று பார்ப்பார்கள். அடங்கல் (பயிர்ப் பதிவேடு) நகல் எடுத்து வையுங்கள்.

அக்டோபர் 3

கேட்டவர் மனுவைத் தாக்கல் செய்துவிட்டார். வழக்கு எண் கிடைத்துவிட்டது. நிம்மதி.

அக்டோபர் 5

இழை திசைமாறுகிறது, ஆனால் இதுவும் வேண்டியதுதான். வங்கி ஏலத்தில் வீடு எடுத்தவர் ஒருவர், "காசு கட்டிவிட்டேன், உள்ளே இருப்பவர் போகமாட்டேன் என்கிறார், நீங்கள் எல்லாம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்" என்று கோபமாக எழுதியிருக்கிறார்.

உங்கள் கோபம் நியாயமானது. ஏல விளம்பரத்தில் "உள்ளது உள்ளபடி" என்று இருந்ததையும் அடையாள சுவாதீனம் என்று இருந்ததையும் கவனித்தீர்களா? அந்தச் சொற்களுக்காகத்தான் விலை குறைவாக இருந்தது. வங்கி விற்ற பிறகும் 14-ஆம் பிரிவின் கீழ் மனுப் போட்டு வீட்டைக் காலி செய்து உங்களிடம் ஒப்படைக்க முடியும். அதை எழுத்தில் வற்புறுத்துங்கள். நீங்களே ஆளை அனுப்பிப் பூட்டுப் போடாதீர்கள். அது குற்ற வழக்காகிவிடும், உங்கள் பக்கம் இருக்கும் நியாயமும் போய்விடும். உள்ளே இருப்பவரோடு ஒரு முறை உட்கார்ந்து பேசுங்கள். புது வீட்டு முன்பணத்துக்கு ஒரு தொகை கொடுத்தால் பலர் மனநிறைவோடு போய்விடுகிறார்கள்.

இன்னும் ஏலம் எடுக்காதவர்கள்: மின் நிலுவை, சொத்து வரி, அடுக்குமாடிப் பராமரிப்புப் பாக்கி மூன்றையும் முன்கூட்டி விசாரியுங்கள். பழைய உரிமையாளரின் மின் பாக்கியைக் கட்டினால்தான் இணைப்பு என்று மின் வாரியம் நிபந்தனை போடலாம் என்று 2023-ல் தீர்ப்பு இருக்கிறது.

அக்டோபர் 19

நல்ல செய்தி. தீர்ப்பாயத்தில் கேட்டவரின் லீசு உரிமை ஏற்கப்படவில்லை, எதிர்பார்த்ததுதான். ஆனால் மார்ச் 31-க்குள் காலி செய்வதாக உறுதிமொழி கொடுத்ததை வங்கி ஏற்றுக்கொண்டு, அதுவரை நேரடி சுவாதீனம் எடுப்பதில்லை என்று பதிவு செய்திருக்கிறது. மகன் பத்தாம் வகுப்பு. தேர்வுக்கு அதே வீட்டிலிருந்து படிக்கலாம்.

அந்தத் தேதியை மதியுங்கள். மீறினால் அடுத்த முறை ஆணையர் வரும்போது யாரும் இரக்கம் காட்டமாட்டார்கள்.

அக்டோபர் 20

காலி செய்யும் நாளுக்கு இப்போதே சில ஏற்பாடு. உங்கள் தட்டுமுட்டுச் சாமான்கள் வங்கிக்கு அடமானம் ஆனவை அல்ல. ஒருவேளை ஆணையர் வந்து பூட்டும்படி ஆனால், அவர் எழுதும் பொருள் பட்டியலில் ஒவ்வொரு பொருளையும் சொல்லிச் சேர்க்கவைத்து, அந்தப் பட்டியலோடு அவர் எழுதும் பஞ்சநாமாவின் (நேரில் கண்டதை எழுதும் பதிவு) நகலைக் கையோடு வாங்குங்கள். என் அக்கா வீட்டில் ரேஷன் அட்டையும் மாமியாரின் சர்க்கரை மாத்திரைகளும் பீரோவுக்குள் போய்விட்டன. பட்டியலில் "ஸ்டீல் பீரோ 1" என்று மட்டும் இருந்தது, உள்ளே இருந்தவை இல்லை. வங்கிக்கு எழுதி, அதிகாரி ஒருவர் வந்து திறந்து எடுத்துத் தரும்வரை மாத்திரையை மறுபடி வாங்கவேண்டியிருந்தது. மருந்து, பள்ளிப் புத்தகம், அட்டைகள், நகை ஒரே பையில் வாசலருகே இருக்கட்டும்.

நவம்பர் 4

புதிதாக லீசுக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு எழுதச் சொன்னார்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை இலவசமாகப் பார்க்கலாம். 30 ஆண்டுக்குப் பாருங்கள். வீட்டுக்காரர் அசல் பத்திரத்தைக் கண்ணில் காட்டவேண்டும். நகலை மட்டும் நீட்டினால் அசல் வேறெங்கோ இருக்கிறது என்று பொருள். வில்லங்கத்தில் ஏறாத அடமானமும் இருக்கக்கூடும். அடமானங்களைப் பதியும் செர்சாய் என்னும் மத்தியப் பதிவகத்தில் சிறு கட்டணத்துக்குத் தேடலாம். அடமானம் இருக்கிறது என்றால் உங்கள் லீசுப் பணம் நேராக வங்கிக் கடன் கணக்குக்குப் போய், கடன் தீர்ந்த கடிதம் வந்த பிறகே வீட்டுக்குள் சாமான் போக வேண்டும். "நான் கட்டிவிடுகிறேன்" என்ற சொல்லுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

நவம்பர் 21

ஏலம் முடிந்துவிட்டதாகக் கேட்டவர் எழுதியிருக்கிறார். வங்கிக்கு நிலுவை 41 லட்சம். வீடு 57 லட்சத்துக்குப் போயிருக்கிறது. இது எல்லோருக்கும் கிடைக்கிற வாய்ப்பு இல்லை, உடனே பிடித்துக்கொள்ளுங்கள்.

வங்கி தன் பாக்கியையும் செலவையும் எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவது சட்டப்படி உரியவருக்குத் திரும்ப வேண்டும். சும்மா இருந்தால் அது வீட்டுக்காரர் கைக்குப் போகும். அவரோ தொலைபேசியை எடுக்காதவர். வங்கியின் நடவடிக்கையைத்தான் சிவில் கோர்ட்டில் எதிர்க்க முடியாது. வீட்டுக்காரரிடமிருந்து உங்கள் 8 லட்சத்தைக் கேட்டு வழக்குப் போட எந்தத் தடையும் இல்லை. கட்டணம் 3 சதவீதம், 24,000 ரூபாய். வழக்கோடு, தீர்ப்புக்கு முன்பே பற்றுகை செய்யும் (எதிராளியின் பணத்தை முடக்கி வைக்கும்) மனுவையும் போட்டு, வங்கி கையில் மிஞ்சும் தொகையை நிறுத்திவைக்கக் கேளுங்கள். காவல் துறையில் ஏமாற்றுப் புகாரும் கொடுக்கலாம். பணம் கைமாறியது 2022-ல் என்பதால் பழைய தண்டனைச் சட்டத்தின் 420-ஆம் பிரிவுதான் பொருந்தும், புதிய சட்டம் 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்தவற்றுக்கே. ஆனால் புகார் பணத்தைக் கொண்டுவந்து தராது, பற்றுகைதான் தரும்.

நவம்பர் 22

பற்றுகை உத்தரவு வாங்க நேரம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கிறீர்கள். ஏலம் எடுத்தவர் கால்பங்கை அன்றோ அடுத்த வேலை நாளிலோ கட்டியிருப்பார். மீதி முக்கால் பங்குக்கு 15 நாள். வங்கி எழுத்தில் ஒப்புக்கொண்டால் மூன்று மாதம் வரை நீளலாம். அந்தப் பணம் முழுதும் வந்து கணக்கு முடிப்பதற்குள் நீதிமன்ற உத்தரவு வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி மேசைக்குப் போய்விட வேண்டும். உத்தரவு கிடைக்கும்வரை காத்திருக்காமல், வழக்குத் தாக்கல் ஆன எண்ணைக் குறிப்பிட்டு, உபரித் தொகையில் உங்களுக்கு உரிமைகோரல் இருக்கிறது என்று அந்த அதிகாரிக்கு நாளைக்கே விரைவு அஞ்சலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புதலோடு. நகல் ஒன்று வங்கியின் வழக்கறிஞருக்கும்.